கடைக்கோடிக் காற்றாலையும் மதியத் தண்ணீரும்

போன மாதம் ஜெபராஜ் போன் செய்தான். நான் வேலை பார்த்த துணைமின் நிலையத்தில் இப்போது அவன்தான் பகல் ஷிப்ட் ஆபரேட்டர்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நம்ம லைன்ல கடைசி ஊர் இருக்குல்லா, அங்க ஆனி ஆடி வந்தா மட்டும் தண்ணி மோட்டாரை நட்ட நடு மத்தியானம் ஓட்டுகானுவ. புதுசா வந்த பம்பு ஆபரேட்டர் எதுக்குன்னு கேக்கான். ஊர்ல கேட்டா, கரண்ட் ஆபீஸ் சட்டம்ங்கானுவ. ஆபீஸ்ல தேடினா அப்படி ஒரு உத்தரவே இல்ல. இது யாரு போட்ட சட்டம்?"

"சட்டம் ஒண்ணும் இல்லடே. அது ஒரு மிஷினுக்காகப் பண்ணினது" என்றேன். அதற்குமேல் விளக்க வாய் வரவில்லை. பல வருடம் போனில் பேசியே சம்பளம் வாங்கினேன். ஆனாலும் போனில் பேசுவது எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இது அவனுக்காக எழுதியது.

என் ஊர் அருமனை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒப்பந்தக் கூலியாகக் கம்பக்குழி தோண்டினேன். பிறகு வேலை நிரந்தரமானது. உதவியாளர் ஆனேன், வயர்மேன் ஆனேன். கம்பத்திலிருந்து சறுக்கி முழங்கால் பிசகிய பிறகு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக உட்கார வைத்தார்கள். அதுவரை போன வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், மழை, கம்பம், அவ்வளவுதான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று புதிது. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரை மலை இடுக்கு வழியாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிள் ஓட்டுகிறவர்களை அங்கேதான் பார்த்தேன். எங்கள் நிலையத்தின் இரும்புக் கதவைத் திறந்துவிட்டுச் சற்று நின்றால் அது திரும்பி வந்து நம்மை அடிக்கும்.

மற்ற துணைமின் நிலையங்களுக்கு, வந்த கரண்டை ஊருக்கு அனுப்புவது ஒன்றுதான் வேலை. எங்களுக்கு இரண்டு வேலை. காற்று இல்லாத மாதங்களில் நாங்கள் ஊருக்கு அனுப்புவோம். காற்று மாதங்களில், அதே கம்பியில் காற்றாலைகளின் கரண்ட் எங்களை நோக்கித் திரும்பி வரும். வழியிலுள்ள ஊர்கள் எடுத்தது போக மிச்சத்தைப் பெரிய லைனில் ஏற்றிவிடுவோம்.

காற்றுக்கு விலை கிடையாது, அதனால் காற்றாலைக் கரண்ட் சும்மா கிடைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். காற்றுக்குத்தான் விலை இல்லை. கம்பிக்கு உண்டு, டிரான்ஸ்பார்மருக்கு உண்டு. வேண்டாத நேரத்தில் வந்து நிற்கும் கரண்டுக்கும் ஒரு செலவு உண்டு. சாரல் விழுந்து, ஊரே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திப் படுக்கும் மாதங்களில்தான் காற்றாலைகள் தலைதெறிக்கச் சுற்றும். நிலக்கரியில் ஓடும் மின்நிலையங்களை நினைத்தவுடன் அணைக்கவும் நினைத்தவுடன் ஏற்றவும் முடியாது. ஆகவே, இவ்வளவு குறையுங்கள் என்று மேலிடத்திலிருந்து எங்களுக்கு போன் வரும். குறைப்பது என்றால் ஓடுகிற காற்றாலைகளில் சிலவற்றை நிறுத்தச் சொல்வது. நிறுத்திய நேரத்துக் காற்று போனது போனதுதான். அதற்கு உரிமையாளருக்கு ஒன்றும் கிடைக்காது.

நிறுத்தச் சொல்லி போன் செய்ய வேண்டியவன் நான். எங்கள் பக்கத்துப் பேச்சு மலையாளம் கலந்து இழுத்து இழுத்து வரும். காற்றாலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கிழக்கே இருந்து வந்தவர்கள். "அருமனை அண்ணன் தாலாட்டுப் பாடியே மிஷினைத் தூங்க வச்சிருவாரு" என்று சிரிப்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, போனைக் கையில் எடுக்கும்போதே காது சூடாகிவிடும்.

எங்கள் உதவிப் பொறியாளர் லீலா மேடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சில் 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை சேரும். அந்த வார்த்தை வந்தால் நிலையமே அடங்கிவிடும். யாராவது புகாரோடு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார், அவர் சொல்லி முடிக்கும்வரை தான் நின்றுகொண்டே கேட்பார். முடிந்ததும், "சரி, மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்.

நிறுத்தச் சொல்வதற்கு அவர் வைத்திருந்த முறை இது. மேலிடத்து உத்தரவை நான் திருப்பிச் சொல்லி, சொன்னவர் பெயரோடு எழுத வேண்டும். பிறகு காற்றாலைக்கு போன். முதலில் என் பெயர், நிலையத்தின் பெயர், அவர்கள் மிஷின் எண், அதன் பிறகு 'நிறுத்தவும்'. எதிர்முனையில் இருப்பவர் மிஷின் எண்ணைத் திருப்பிச் சொல்லி, 'நிறுத்துகிறேன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். வெறும் 'செரி' செல்லாது. "செரிங்கிறவர் எதுக்குச் செரி சொன்னாருன்னு அவருக்கே தெரியாது செல்வின்" என்பார் மேடம். மிஷின் நின்றதும் அவர் கூப்பிட்டு 'நின்றது' என்று சொன்ன பிறகுதான் நான் மேலே சொல்லலாம். யாரை நிறுத்துவது என்பதற்கும் சுற்று முறை உண்டு. ஒரு முறை நின்றவர், மற்ற எல்லோரும் நின்று முடிக்கும்வரை மறுபடி நிற்க வேண்டாம். பெரிய கம்பெனி, சின்ன ஆள் என்ற பேச்சே கிடையாது. முறை வரும்போது ஒருவர் மிஷின் ஏதோ கோளாறில் ஏற்கெனவே நின்றிருந்தால் அவரைத் தாண்டி அடுத்தவர்.

அந்த லைனின் கடைக்கோடியில் ஒற்றை மிஷின் வைத்திருந்தவர் சூசை அண்ணன். இனயத்துக்காரர். அப்பா மீன்பிடித்தவர். இவர் வளைகுடாவில் வருடக்கணக்காகக் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, யாரோ கழித்துக்கட்டிய சின்னக் காற்றாலை ஒன்றை நிலத்தோடு வாங்கியிருந்தார். "எங்கப்பன் பாய் கட்டி இந்தக் காத்தை நம்பிக் கடலுக்குப் போனாரு. நான் எறக்கை கட்டிக் கரையில நிக்கேன். வேற என்ன வித்தியாசம்?" என்பார். காற்று மாதங்களில் மனைவி பிலோமியோடு மிஷினுக்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் இருப்பார்.

ஓர் ஆனி மாதம் அவர் நிலையத்துக்கு வந்தார். தலையெல்லாம் புழுதி. மேடம் நாற்காலி போட்டார்.

"மேடம், காத்து இருக்கு. என் மிஷின் மட்டும் நிக்கு. இங்க கிட்ட இருக்க கம்பெனிக்காரன் மிஷின் எல்லாம் சுத்துது. சவம், என்னைப் பாத்துச் சிரிக்க மாதிரி இருக்கு."

"எப்ப நிக்குது?"

"மத்தியானம். நல்ல காத்து வருகப்பத்தான் நிக்கு. தானா நிக்கும், தானா எடுக்கும், திரும்ப நிக்கும். போன வருசமும் இப்படித்தான். பிலோமிக்க தம்பி, என் அளியன், எனக்கு விசா அனுப்பியிருக்கான் மேடம். ஆவணி முடியதுக்குள்ள ஏறணும். மிஷினை நிலத்தோட கேட்டு ஒருத்தன் வீட்டு வாசல்ல நிக்கான். இந்த ஆடி ஓடலைன்னா குடுத்துட்டுப் போயிருவேன். அம்பது தாண்டினப்புறம் திரும்பவும் கிரேன்ல ஏறணும்."

"வீட்டுல என்ன சொல்லுறாங்க?"

"பிலோமி ஒண்ணும் பறையல்ல. அவ பறையாம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

மேடம் அன்றைக்கே அவரோடு போனார். அங்கே மிஷினின் பலகையிலுள்ள வோல்டேஜைச் சூசை அண்ணனே படிக்க, இங்கே எங்கள் பலகையில் இருந்ததை நான் படிக்க, போனில் மாறி மாறிச் சொன்னோம். எங்களிடம் சரியாக இருந்தது. அவரிடம் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில், "நின்னுட்டு மேடம், நின்னுட்டு!" என்ற கத்தல் கேட்டது.

திரும்பி வந்து மேடம் அவருக்குச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "கால்வாய்ல கடைமடைக்காரங்களுக்குத் தண்ணி வந்து சேராது, இல்லையா? உங்களுக்கு அது தலைகீழ். உங்க கரண்ட் அங்கிருந்து கிளம்பி இங்க வந்து சேரணும். தூரம் ஜாஸ்தி, கம்பி மெலிசு. அவ்வளவையும் தள்ளணும்னா உங்க பக்கம் வோல்டேஜ் ஏறும். அளவு தாண்டினா மிஷின் தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும். மிஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி."

மதியத்தில் நிற்பதற்கும் காரணம் இருந்தது. அவர் மிஷினுக்குப் பக்கத்து ஊரில் எல்லோரும் பகலில் செங்கல் சூளைக்கும் பூந்தோட்டத்துக்கும் போய்விடுவார்கள். கரண்டை எடுக்க ஆள் இல்லை. அத்தனையும் எங்கள் நிலையம் வரை நடந்தாக வேண்டும்.

தடித்த கம்பி போட்டால் தீரும். மேடம் கணக்குப் போட்டு மேலே அனுப்பினார். ஒரு மிஷின் தரும் கரண்டுக்காக அவ்வளவு செலவு செய்தால் திரும்பி வராது, லைனிலுள்ள மற்ற காற்றாலைக்காரர்களும் பங்கு போட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர்களோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அவர்கள் மிஷின் நிற்பதில்லை, எதற்குப் பங்கு போட வேண்டும்? எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அத்தனை நியாயங்களுக்கும் நடுவில் சூசை அண்ணன் மிஷின் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து, நிலையத்திலிருந்து அனுப்பும் வோல்டேஜை ஒரு படி குறைத்துப் பார்த்தோம். அவர் மிஷின் ஓடியது. ஆனால் காற்று தணிந்ததும் நடுவிலுள்ள ஊர்களிலிருந்து போன்மேல் போன். "மிக்சி அரைக்குதா அழுகுதான்னு தெரியல்ல சார்" என்றார் ஒரு பெண். ஒருவர் நஷ்டத்தை எடுத்து ஊர் தலையில் வைத்ததுதான் மிச்சம். பழையபடி ஏற்றிவிட்டோம்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் மாலையில் சூசை அண்ணன் ஓடாத குறையாக வந்தார்.

"மேடம், இன்னைக்கு நிக்கல்ல! மத்தியானம் பூரா ஓடிச்சு! என்ன பண்ணினிய?"

"நாங்க ஒண்ணும் பண்ணல" என்றார் மேடம். என்னைப் பார்த்தார். "செல்வின், இன்னைக்கு அந்த ஊர்ல என்ன விசேஷம்?"

காலையிலிருந்து வந்த போன்களை நினைத்துப் பார்த்தேன். "விசேஷம் ஒண்ணும் இல்ல மேடம். காலையில தண்ணி வரல்லன்னு ஏழெட்டு பேரு கூப்பிட்டாவ. பம்பு ஆபரேட்டர் தங்கப்பன் ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டாராம். மத்தியானம் வந்துதான் மோட்டார் போட்டாராம்."

மேடம் லைன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்த பம்பு ஹவுஸ்ல ரெண்டு பெரிய மோட்டார் உண்டும்லா?" என்றார். நாற்காலியிலிருந்த சூசை அண்ணன் எழுந்தே விட்டார்.

உண்டாகும் இடத்திலேயே கரண்டை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால், அந்த அளவுக்கு அது தூரம் தள்ளப்பட வேண்டியதில்லை. வோல்டேஜ் எல்லை தாண்டியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தை இரண்டு மோட்டார்கள் இழுத்துப் பிடித்துவிட்டன. வழியில் கம்பி சூடாகி வீணாகும் கரண்டும் மிச்சம். ஒரு பைசா செலவில்லாத வழி. தங்கப்பன் ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் பேச மறுநாள் மதியம் மேடம் என்னை அனுப்பினார். சூசை அண்ணன் தானாகவே வண்டியில் தொற்றிக்கொண்டார்.

தங்கப்பன் பம்பு ஹவுஸ் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். நான் 'அண்ணாச்சி' என்று ஆரம்பித்து, மோட்டார், மதியம், வோல்டேஜ் என்று மூன்று வார்த்தையை எப்படியோ வெளியே எடுத்தேன்.

"கேக்கது செரிதானா?" என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். "காத்தாடிக்காரன் சம்பாதிக்கதுக்கு நான் மத்தியானச் சோத்தை விட்டுட்டு மோட்டார் பக்கம் காவல் நிக்கணுமா? எந்த ஊருல உள்ள நியாயம்வே இது?"

"சோறு நான் கொண்டாறேன்" என்றார் சூசை அண்ணன். "மீன் குழம்போட."

"மீனைக் காட்டி மடக்கப் பாக்கேரா? கடக்கரைக்காரன் புத்தி!"

"உமக்குப் புத்தி இருந்தா காலையில மோட்டார் போடுவீரா? இந்த வருசம் எத்தனை தடவை மோட்டார் காயில் எரிஞ்சுது? சொல்லும்."

தங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அது அவருக்கு வலிக்கிற இடம். மோட்டார் எரிந்தால் குழாயை உருவுவது, நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது, ஊர்ப் பெண்களிடம் வசவு வாங்குவது எல்லாம் அவர்தான்.

மேடம் சொல்லி அனுப்பியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அண்ணாச்சி, உங்க பலகையில வோல்டேஜ் மீட்டர் இருக்கு. இப்ப ஒண்ணு பாருங்க, நாளைக்குக் காலையில மோட்டார் போடுகப்ப ஒண்ணு பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலையில் அவரே நிலையத்துக்குக் கூப்பிட்டார். "காலையில முள்ளு தரையில கெடக்கு தம்பி. ஊரு பூரா ஒரே நேரத்துல எடுக்குல்லா. மத்தியானம் நல்லா நிமிந்து நிக்கு. இந்தக் குறைஞ்ச வோல்டேஜ்லதான் என் மோட்டாரு செத்துருக்கு. மத்தியானமே போடுகேன். தொட்டியில ரொப்பி வச்சிட்டுக் காலையில தொறந்து விடுகேன். பொம்பளையளுக்கு வழக்கமான நேரத்துக்குத் தண்ணி வந்தாப் போரும். ஆனா மீன் குழம்பு உண்டும்லா?"

முதல் நாளே ஒரு தவறு நடந்தது. தங்கப்பன் இத்தனை காலமும் தொட்டி நிறைந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார். தொட்டி வழிந்தால் தெருவிலிருந்து யாராவது கத்துவார்கள். அதுதான் அவருக்குக் கணக்கு. மதியத்தில் கத்துவதற்குத் தெருவில் யார் இருக்கிறார்கள்? அவர் பாட்டுக்கு மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, உயரத் தொட்டி வழிந்து, வழிந்த தண்ணீரைக் காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பஸ் நிறுத்தத்தில் தெளித்திருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சாரல் என்று நினைத்துக் குடையை விரித்தார்கள். விரித்த குடைகளைக் காற்று மேல்நோக்கி மடக்கியது. வெயில் அடிக்கிறது, மழையும் பெய்கிறது, குடைகள் எல்லாம் தாமரை மாதிரி விரிந்து நிற்கின்றன. தொட்டிக்குக் கீழே பூக்கட்டும் செல்லக்கனி அக்காதான் தலை நிமிர்ந்து பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தவர்.

அவர் கோபமாக எங்கள் நிலையத்துக்கு போன் செய்தார். தங்கப்பன் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. "ஏம்ப்பா, உங்க சட்டத்தால என் பிச்சிப்பூ பூரா நனைஞ்சு போச்சு. நாளையில இருந்து தொட்டி ரொம்புகப்ப நானே சொல்லுகேன். அந்த மனுசனை நம்பாதிய."

அதிலிருந்து தினமும் மதியம் அக்கா எனக்குச் சொல்ல, நான் பம்பு ஹவுஸுக்குப் பக்கத்துக் கடைக்குச் சொல்ல, கடைக்காரர் தங்கப்பனை எழுப்ப, மோட்டார் நிற்கும். இப்படித்தான் 'கரண்ட் ஆபீஸ் சட்டம்' என்ற பெயர் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் செங்கல் சூளையில் மண் குழைக்கும் மிஷினையும் மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். காலையில் அவர் மோட்டாரும் எரிந்துகொண்டுதான் இருந்ததாம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காற்று வெறிபிடித்து அடித்த நாட்களில் சூசை அண்ணன் மிஷின் அப்போதும் நின்றது. மற்ற நாட்களில் ஓடியது. ஆனால் அவர் போவாரா, இருப்பாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மிஷினைக் கேட்டு வந்தவர் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார். கேட்க எனக்குக் கூச்சம். மேடமும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு மதியம், குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. சுற்றில் அடுத்த பெயர் சூசை அண்ணன். அதுவரை அவர் முறை வந்தபோதெல்லாம் அவர் மிஷின் தானாகவே நின்றிருக்கும். நான் தாண்டிப் போய்விடுவேன். மிஷின் நின்றால் உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்படியானால் ஓடுகிறது.

மேடத்திடம் போனேன். "மேடம், அவரு விசாவுக்குக் கடைசி வாரம். இன்னைக்கு மட்டும் அவரை விட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடட்டா?"

"யார் முறை?"

"அவரு முறைதான்."

"அப்ப தயவுசெய்து அவரைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். என் பெயர், நிலையம், மிஷின் எண், நிறுத்தவும்.

"என் மிஷினையா?" என்றார் சூசை அண்ணன்.

"ஆமா அண்ணே. உத்தரவு. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"நிறுத்தச் சொல்லுகியா மக்கா?"

"ஆமா அண்ணே."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துகிறார், எனக்கு நன்றாகக் கேட்கிறது. "ஏட்டி பிலோமி! இங்க ஓடி வா! நம்ம மிஷினை நிறுத்தச் சொல்லுகாவ! கம்பெனிக்காரனுவளுக்குச் சொல்லுகது மாதிரி நமக்கும் சொல்லுகாவட்டி! இத்தனை வருசத்துல நம்மளை ஒருத்தன் நிறுத்தச் சொல்லல்ல கேட்டியா, நிறுத்தணும்னா மொதல்ல ஓடணும்லா!"

"அண்ணே, திருப்பிச் சொல்லணும்" என்றேன்.

மிஷின் எண்ணையும், நிறுத்துகிறேன் என்பதையும், மாதா கோயிலில் வேதம் வாசிக்கிறவரைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சற்று நேரத்தில் கூப்பிட்டு, "நின்னுட்டு மக்கா" என்றார். நஷ்டப்படுகிற ஓர் ஆள் அவ்வளவு சந்தோஷமாக அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாலைக்குள் உத்தரவு தளர்ந்தது. ஓட்டச் சொல்லக் கூப்பிட்டேன். போனை எடுத்தது பிலோமி அக்கா. அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவரு அப்பமே மிஷின்கிட்டப் போயி நிக்காரு தம்பி. போனை இங்கயே போட்டுட்டுப் போயிட்டாரு. நான் போயிச் சொல்லுகேன். ஒரு நிமிசம் வச்சிராதிய. பயணத்துக்குன்னு பொட்டியில மடிச்சு வச்ச அவரு சட்டையெல்லாம் எடுத்து அலசிக் கொடியில போட்டேன், ஒண்ணு பறந்து போகுது. அதைப் புடிச்சிட்டு வாறேன்."

போனை எங்கோ வைத்துவிட்டு அவர் ஓடுவது கேட்டது. பிறகு வெறும் காற்றின் இரைச்சல். நான் போனைக் காதோடு வைத்தபடியே காத்திருந்தேன்.